பிஸ்கற் பேணியிலிருந்த கீவ்

கறுப்புத் துணி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் இழையில் சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் வட்டத்துக்குள் சுவஸ்திகா, கீழே ஒற்றை வரியில் ஓர் ஊர்ப்பெயர்: எர்-ஃபௌ-டே கீவ். உக்ரைனின் கீவ். ஓரத்தில் மூன்று இடங்களில் கருநீல நூல் அறுபட்டுத் தொங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் ஒரு ஜேர்மன் ரயில்காரர் போட்ட சீருடையின் கையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தபோது மிஞ்சிய நூல் அது.

அதை எனக்குத் தந்தவர் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் இருந்த மூதாட்டி. என் பிள்ளைகள் அவரை ஓமா, ஜேர்மனில் பாட்டி, என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இருப்பது மேற்கு ஜேர்மனியின் வூப்பர்டாலில், பார்மன் பக்கத்தில். நான் பிரதேச ரயில்களில் ரிக்கற் பார்க்கிற வேலை செய்கிறேன். வேலை முடிந்து சீருடையோடு படியேறும்போது ஓமா கதவைத் திறந்து இரண்டு வார்த்தை கதைப்பார். ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, துருப்பிடித்த பிஸ்கற் பேணி ஒன்றை மேசையில் வைத்தார். "என் அப்பாவும் ரயில்காரர். நீங்களும் ரயில்காரர். என் மகனுக்கு இதில் அக்கறை இல்லை. நீங்கள் வைத்திருங்கள்" என்றார்.

பேணிக்குள் பதினான்கு பொத்தான்கள், எல்லாவற்றிலும் சிறகு முளைத்த சக்கரம். ஒரு விசில். ரிக்கற்றில் துளை போடும் குறடு. 'எர்-பே-டே வூப்பர்டால்' என்று நெய்த கைச்சின்னம். ஒரு சேவை அடையாள அட்டை. ஒரு புகைப்படம். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த செய்தித்தாளுக்குள், கீவ்.

ரயில் சின்னங்களில் எனக்கு ஏன் இந்தப் பிடிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஐயாவின் கதையை. ஐயா காங்கேசன்துறைப் பாதையில் கார்ட்டாக இருந்தவர். வெள்ளைச் சீருடை, பித்தளைப் பொத்தான், தொப்பியின் முன்னே பித்தளைச் சின்னம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பழப்புளி தேய்த்து அவற்றை மினுக்குவார். 1990இல் யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அந்தத் தொப்பி அலுமாரிக்குள் இருந்தது. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. ஒரு ரயில்காரரின் பொத்தான்களை ஒரு வீடு இத்தனை வருடம் பேணிக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ள உந்தக் கழுகை ஏன் கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பேணி நிலக்கீழ் அறைக்குப் போனது. ஆனால் அவருடைய கேள்வி மேலேயே இருந்துவிட்டது. அதற்கு விடை தேடித்தான் இத்தனை வருடம் இந்தச் சின்னங்களைப் படித்திருக்கிறேன்.

முதலில் அந்த எழுத்துகளைச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மன் அரச ரயில்வேயான ரைஷ்பான் 1920இல், பிரஷ்யா, பவேரியா என்று தனித்தனியாக இருந்த மாநில ரயில்வேக்களைச் சேர்த்து உருவானது. 1924இல், முதலாம் உலகப்போரின் இழப்பீட்டுக் கடனைக் கட்டுவதற்காக, அரசிடமிருந்து பிரித்துத் தனி நிறுவனம் ஆக்கினார்கள். 1937இல் ஹிட்லர் அரசு அதை மறுபடி அமைச்சின் நேரடிக் கைக்குள் எடுத்தது. அந்த அமைச்சர் யூலியுஸ் டோர்ப்முல்லர். 1926இலிருந்து ரைஷ்பானின் பொது இயக்குநராக இருந்தவர், 1945 வரை ரயிலை நடத்தியவர். அவர் பிறந்தது 1869இல், எல்பர்ஃபெல்டில். அதாவது நான் தினமும் ரயில் ஏறுகிற இதே பள்ளத்தாக்கில்.

நாடு முழுவதும் சுமார் முப்பது இயக்குநரகங்கள். எர்-பே-டே என்பது ரைஷ்பான் இயக்குநரகத்தின் சுருக்கம். பேர்லின், வியன்னா, பிரெஸ்லாவ், கோனிக்ஸ்பேர்க், வூப்பர்டால் என்று ஊர்களின் பெயரில் அவை இருந்தன. வூப்பர்டால் இயக்குநரகத்தின் தூண் வைத்த கட்டடம் எல்பர்ஃபெல்ட் நிலையத்துக்கு முன்னால் இன்றும் நிற்கிறது. 1941இல் வந்த புதிய சீருடையில், மேற்கையில் கழுகும் அதன் கீழே இயக்குநரகத்தின் பெயரும் தைத்தார்கள். ஒரு ரயில்காரரைப் பார்த்தாலே எந்த ஊர்ப் பணியாளர் என்று தெரிந்துவிடும். சேகரிப்பவர்கள் தேடுவது இந்தத் துணியைத்தான். பொத்தானும் தொப்பிச் சின்னமும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கைச்சின்னத்துக்கு மட்டும் ஊர் உண்டு.

எர்-ஃபௌ-டே என்பது வேறு. போருக்குள் பிடித்த கிழக்கு நிலங்களில் வைத்த 'ரைஷ் போக்குவரத்து இயக்குநரகம்'. ரீகா, மின்ஸ்க், கீவ், த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க், ரொஸ்தோவ். 1941இல் படை முன்னேறியபோது ரயிலைக் கையில் எடுத்தவர்கள் இராணுவ ரயில்காரர்கள். சாம்பல் சீருடை போட்டதால் அவர்களுக்குச் 'சாம்பல் ரயில்காரர்' என்று பெயர். பின்னால் வந்த சிவில் பணியாளர்கள் 'நீல ரயில்காரர்'. சோவியத் பாதையின் அகலம் 1524 மில்லிமீற்றர், ஜேர்மன் அகலம் 1435. ஆகவே ஒரு பக்கத் தண்டவாளத்தைக் கழற்றி உள்ளே நகர்த்தி அடித்துக்கொண்டே போனார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் ஜேர்மன் எஞ்சின்கள் நின்றுபோயின. வெளியே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. 1942 தொடக்கத்தில் போக்குவரத்து அமைச்சு கிழக்குப் பாதைகளைப் பொறுப்பேற்று, ஜேர்மனியின் ஒவ்வோர் இயக்குநரகத்திலிருந்தும் ஆட்களை அங்கே அனுப்பியது. ஓமாவின் அப்பா அப்படிப் போனவர்களில் ஒருவர்.

கிழக்கு இயக்குநரகங்களுக்கு எர்-ஃபௌ-டே என்ற பெயர் வந்தது 1942-43 குளிர்காலத்தில்தான். சோவியத் படை கீவுக்குள் நுழைந்தது 1943 நவம்பர் 6. அப்படியானால் அந்தத் துணி அந்த ஊரில் ஒரு சீருடையின் மேல் இருந்த காலம் ஒரு வருடத்துக்கும் குறைவு. ரொஸ்தோவ் இதைவிடக் குறுகியது: அந்த நகரம் 1943 பெப்ரவரியிலேயே கைமாறிவிட்டது. ஒரு சின்னம் அரிதாவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. சந்தையில் பேர்லினும் வூப்பர்டாலும் அடிக்கடி வரும். மின்ஸ்க் வந்தால் நான்கு பேர் கூடுவார்கள். ரொஸ்தோவைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. சேகரிப்பவரின் விலைப்பட்டியல் உண்மையில் ஓர் ஆக்கிரமிப்பின் நாட்காட்டி. எந்த ஊரில் குறைந்த நாள் ஆண்டார்களோ, அந்த ஊரின் பெயருக்குக் கூடிய விலை.

நெசவைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. காரணம், இது எங்கள் ஊர்த் தொழில். வூப்பர் ஆற்றோரம் முழுக்க நாடா நெசவு. சட்டைக்குள் தைக்கிற பெயர்ப்பட்டி, தொப்பி நாடா, பதக்க நாடா, இராணுவச் சின்னம், எல்லாமே இங்கிருந்துதான் போயின. இவால்ட் ஃபோர்ஷ்டெஹர் நாடா ஆலையின் பெயரிலிருந்து வந்த 'பெவோ' என்ற சொல், இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பவர்களிடம் இயந்திர நெசவுச் சின்னம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. எந்த ஆலையில் நெய்திருந்தாலும் பெவோ என்றுதான் சொல்கிறார்கள்.

ரொன்ஸ்டோர்ஃப் பகுதியில் ஒரு நாடா நெசவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஜக்கார்ட் தறி ஓடுவதை அங்கே பக்கத்தில் நின்று பார்த்தேன். தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோத்துத் தொங்குகின்றன. ஊடை ஒருமுறை குறுக்கே போக ஓர் அட்டை. துளை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகும், அதோடு பாவு இழையும் மேலே போகும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். மஞ்சள் மேலே வருமா கறுப்பு மேலே வருமா என்பதை அட்டை தீர்மானிக்கிறது. அப்படி இழை இழையாக ஏறிக் கழுகின் சிறகு வருகிறது, அதன் கீழே எழுத்து வருகிறது. நாடாவாக நீளத்துக்கு நெய்து, பிறகு ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்குள் ஒன்று தைத்தது. கீவ் என்ற பெயருக்கும் யாரோ அட்டை வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற ஊரின் பெயரை ஒரு தொழிலாளி மேசையில் உட்கார்ந்து துளை துளையாகப் போட்டிருக்கிறார். ஓமாவின் பேணியிலிருந்ததன் பின்பக்க நெசவைப் பார்த்தால் அது இந்தப் பள்ளத்தாக்கின் வேலை என்றே நான் சொல்வேன்.

பின்பக்கத்தைப் பார்க்கத் தெரியாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். அயல்நகரத்துச் சந்தை ஒன்றில் ஒரு வியாபாரியிடம் எர்-ஃபௌ-டே மின்ஸ்க் இருந்தது. ஜேர்மனியில் இப்படிப்பட்ட பொருளை வீட்டில் வைத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் சுவஸ்திகாவைப் பொதுவெளியில் காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 86a பிரிவின்படி குற்றம். கலை, ஆய்வு, கல்வி, வரலாற்றைச் சொல்வது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் வியாபாரிகள் அதன்மேல் வட்டமாக ஒரு ஸ்ரிக்கர் ஒட்டி வைப்பார்கள். இந்தச் சட்டம் சரியானது என்பது என் எண்ணம். அந்த ஸ்ரிக்கரை உரித்துக் காட்டத் துடிக்கிற வியாபாரியிடம் நான் வாங்குவதில்லை. இவர் அப்படிச் செய்யவில்லை, மரியாதையாகக் கதைத்தார், நான் நம்பினேன். இரண்டு மாத மேலதிக வேலைக் காசு போனது.

வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதாக்கதிர் ரோர்ச்சைப் பிடித்தேன். எழுத்துகள் நீலவெள்ளையாக எரிந்தன. துணியையும் நூலையும் பளிச்சென்று காட்டும் வெண்மையூட்டும் இரசாயனம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது போருக்குப் பிறகு. அக்கால இழை இந்த வெளிச்சத்தில் மங்கலாகக் கிடக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அசல் துணியைப் பிற்காலத்தில் சவர்க்காரத் தூள் போட்டுத் தோய்த்திருந்தாலும் ஒளிரும். ஓரத்திலிருந்து ஓர் இழையை இழுத்துத் தீக்குச்சியில் பிடித்தேன். அக்காலச் செயற்கைப் பட்டு மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும் செய்தது, அதனால் கடுதாசி போல எரிந்து சாம்பலாகும். அந்த நூலும் பார்மனிலும் எல்பர்ஃபெல்டிலும் பெயர்போன தொழில்தான். என் கையிலிருந்த இழை சுருண்டு, உருகி, கடுகளவு கறுப்புக் குண்டாக இறுகியது. பொலியெஸ்டர். ஓமாவின் கீவை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். அதன் பின்பக்கத்தில் கறுப்பும் மஞ்சளும் புள்ளிபுள்ளியாகக் கலந்து கிடந்தன, கழுகின் நிழல் இடம்வலம் மாறித் தெரிந்தது. மின்ஸ்கின் பின்பக்கம் ஒரே சீராக, கணினி நெசவு போல இருந்தது. வியாபாரி திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அதை ஓர் உறையில் போட்டு மேலே 'போலி' என்று எழுதி வைத்திருக்கிறேன். விற்கவும் மாட்டேன், எறியவும் மாட்டேன். எறிந்தால் யாராவது எடுத்து இன்னொருவரிடம் விற்பார்.

அதே சந்தையில், அதே மேசையில், எர்-பே-டே ஓப்பெல்ன் கிடந்தது. "அது உள்நாட்டு இயக்குநரகம், சாதாரணமானது" என்று சொல்லி வியாபாரி அதைத் தள்ளி வைத்தார். அப்போது நானும் தள்ளி வைத்தேன். பிறகு வீட்டில் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் உட்கார்ந்துவிட்டேன். யூதர்களைக் கொன்ற முகாம் இருந்த அவுஷ்விட்ஸின் ரயில் நிலையம் ஓப்பெல்ன் இயக்குநரகத்துக்குள் இருந்தது.

இந்தச் சின்னங்களைக் கையில் எடுக்கிற எவரும் அந்த முகாம்களுக்குப் போன ரயில்களைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர்க்காலத்தில் ரைஷ்பானில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் வேலை செய்தார்கள். யூதர்களை ஏற்றிப் போன ரயில்களுக்கு அட்டவணை போட்டவர்கள், எஞ்சின் ஓட்டியவர்கள், பாதை மாற்றியவர்கள் எல்லாரும் அந்த 14 லட்சத்துக்குள் இருந்தவர்கள். அவற்றைச் 'சிறப்பு ரயில்' என்று பதிந்தார்கள். அட்டவணை உத்தரவுகளில் இரகசியம் என்ற முத்திரைகூட இல்லை, 'சேவைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றுதான் இருந்தது. கட்டணமும் இருந்தது: மூன்றாம் வகுப்பு, கிலோமீற்றருக்கு 4 பெனிக், பத்து வயதுக்குக் கீழே பாதி, நான்கு வயதுக்குக் கீழே இலவசம், 400 பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகை. போகிற வழிக்கு மட்டும். ஏற்றிப் போனது சரக்குப் பெட்டியில் என்றாலும் கணக்கு மூன்றாம் வகுப்புதான். நான் ரிக்கற் பார்க்கிறவன். குழுச் சலுகையும் பிள்ளைகளின் அரைக் கட்டணமும் என் அன்றாட வேலை. அந்தக் கட்டண விதியை முதல்முறை படித்த நாளில் நான் வேலைக்குப் போய் ஒரு தாயிடம் பிள்ளையின் வயதைக் கேட்கவேண்டி வந்தது. குரல் எழும்பவில்லை.

1942 ஜூலை 28இல் அமைச்சின் செயலாளர் அல்பேர்ட் கன்சன்முல்லர், எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லரின் அலுவலகத்திலிருந்த கார்ல் வோல்ஃபுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூலை 22இலிருந்து தினமும் ஐயாயிரம் யூதர்களோடு ஒரு ரயில் வார்சோவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போகிறது என்று அதில் தகவல் சொல்கிறார். வோல்ஃப் விசேட மகிழ்ச்சியோடு நன்றி எழுதினார். 1973இல் டுசல்டோர்ஃப் நீதிமன்றத்தில் கன்சன்முல்லர் மீது வழக்குத் தொடங்கியது. அவருக்கு மாரடைப்பு வர, வழக்கு நின்றது, பிறகு எடுக்கவே இல்லை. அவர் 1996 வரை வாழ்ந்தார்.

அதே டுசல்டோர்ஃப் நீதிமன்றத்தில், மூன்று வருடம் முன்னால், இன்னொரு ரயில்காரர் வந்து நின்றிருந்தார். ஃபிரான்சிஷெக் சொம்பெத்ஸ்கி என்ற போலந்துக்காரர், ட்ரெப்ளிங்கா ஊர் நிலையத்தில் ரயில் போக்குவரத்தைக் கவனித்தவர். வந்த பெட்டிகளை எண்ணி வைத்தார், சுண்ணக்கட்டியால் பெட்டிகளில் எழுதியிருந்த ஆள் கணக்கைப் பார்த்து வைத்தார், ரயில் தாள்களையும் காப்பாற்றி வைத்தார். முகாமின் தலைவன் ஷ்டாங்கல் மீதான வழக்கில் அவற்றை வைத்துச் சாட்சி சொன்னார். தாள் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது அவருடைய கதைதான்.

தாளில் சில வேளை ஒரு முகமும் தெரிகிறது. 1941 டிசம்பர் 11இல் டுசல்டோர்ஃபிலிருந்து ரீகாவுக்கு 1007 யூதர்களோடு போன ரயிலுக்குக் காவலாகப் போன பொலிஸ் கப்டன் பவுல் சாலிட்டர் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். வழியில் கோனிட்ஸ் நிலையத்தில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும்படி அவர் கேட்டபோது நிலைய அதிபர் மறுத்திருக்கிறார். சாலிட்டர் அதைப் புகாராக எழுதுகிறார்: இந்த ஆள் இன்னும் 'பாவம் யூதர்கள்' என்று கதைக்கிற வகையைச் சேர்ந்தவர் என்று தனக்குத் தோன்றியதாக. கோனிட்ஸ் நிலைய அதிபர் அந்த ரயிலை நிறுத்தவில்லை. அது டிசம்பர் 13இல் ரீகாவுக்குப் பக்கத்து ஷ்கிரோத்தாவா நிலையம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவரின் முகம் ஒரு கணம் மாறியதை, அதை வெறுத்த ஒருவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துணியில் இது எதுவும் தெரியாது. கைச்சின்னம் எல்லாருக்கும் ஒரே கழுகுதான்.

அதனால்தான் இந்தத் துறையில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து ஒரு ரயில்காரரின் பொருட்கள் வெளியே வந்தால், வியாபாரிகள் முதலில் செய்வது பிரிப்பது. சின்னம் ஒருவருக்கு, அட்டை இன்னொருவருக்கு, புகைப்படம் மூன்றாமவருக்கு. பிரித்தால் காசு கூட வரும். சில வருடம் முன்னால் இணையத்தில் ஒரு கிழக்கு இயக்குநரகச் சின்னம் விற்பனைக்கு வந்தது. கீழே கிடந்த மரமேசையின் கீறல் எனக்குப் பழக்கமாக இருந்தது. அதே மேசையில், அதே கீறலுக்குப் பக்கத்தில், ஒரு சேவை அட்டை வேறு விற்பனையாகப் போயிருந்தது. விற்பவருக்கு எழுதினேன்: இரண்டும் ஒரே ஆளுடையதா, சேர்த்துத் தருவீர்களா, கூடுதலாகவே தருகிறேன். ஆம், ஒரே ஆளுடையதுதான், ஆனால் சின்னம் ஏற்கெனவே போய்விட்டது என்று பதில் வந்தது. நான் அட்டையை மட்டும் வாங்கினேன். படத்தில் இருப்பவருக்கு முப்பது வயது இருக்கும். எங்கே வேலை செய்தார், எப்போது கிழக்கே அனுப்பப்பட்டார், எப்போது திரும்பினார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் சின்னம் இன்று எங்கோ ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள், 'அரிது' என்ற ஒரு சொல்லோடு தொங்குகிறது. வாங்கியவருக்கு அந்த ஆளின் பெயர் தெரியாது.

ஓமாவின் பேணி பிரியாமல் என்னிடம் வந்தது. அட்டையில் வூப்பர்டால் இயக்குநரகத்தின் முத்திரையும் கிழக்குக்கு அனுப்பிய பதிவும் இருந்தன. புகைப்படத்தில் நான்கு பேர் ஓர் எஞ்சினுக்கு முன்னால் நிற்கிறார்கள். எஞ்சினைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. 52ஆம் வகுப்பு, 'போர் எஞ்சின்' என்று பெயர் எடுத்தது. 1942 செப்டம்பரில் முதலாவது வெளியே வந்தது, ஆறாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். அலங்காரம் ஒன்றும் கிடையாது, தொட்டி போன்ற தண்ணீர் வண்டி, குளிருக்காக அடைத்த ஓட்டுநர் அறை. நான்கு பேரின் கையிலும் கழுகு. ஊர்ப்பெயர் படிக்க முடியாத அளவு சிறியது.

ஓமாவிடம் கேட்டேன். "அப்பா கதைக்கமாட்டார். குளிரைப் பற்றி மட்டும் கதைப்பார்" என்றார். பிறகு தானாகவே ஒன்று சொன்னார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தபோது ஓமாவுக்கு எட்டு வயது. அம்மா சமையலறை யன்னலடியில் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு கோட்டுகளையும் மடியில் போட்டு, கழுகுகளை வெட்டி எடுத்தார். கோட் வேறு கிடையாது, வேலைக்கு அதையேதான் போடவேண்டும். வெட்டிய இடத்தில் துணி வெளிறாமல் கருநீலமாகவே இருந்தது, சுற்றியுள்ளது மட்டும் வெளிறியிருந்தது, அதனால் கழுகு இருந்த இடம் பல வருடம் தெரிந்தது என்றார். அம்மா வெட்டியதை அடுப்பில் போடப் போனபோது அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டாராம். ஏன் வாங்கினார் என்று ஓமா கேட்டதில்லை. 1949இல் மேற்கில் ரைஷ்பான் புண்டஸ்பான் ஆனது, அப்பா அதே நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றார்.

இதை நான் வீட்டில் சொன்னபோது மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவர், தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கீவில இருந்து ஏத்திக்கொண்டு வந்த சனத்தின்ர சட்டையிலயும் ஏதும் தைச்சு விட்டவங்களோ?"

தைத்தார்கள். 1942 ஜனவரியிலிருந்து கீவிலிருந்தும் உக்ரைனின் மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்களை, பெரும்பாலும் இளம் பெண்களையும் பையன்களையும், சரக்குப் பெட்டிகளில் ஏற்றி ஜேர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டு வந்தார்கள். றூர் சுரங்கங்களுக்கும், ஆலைகளுக்கும், பண்ணைகளுக்கும், ரைஷ்பானின் பாதை வேலைக்கும். 1942 பெப்ரவரி 20இல் வந்த உத்தரவின்படி அவர்கள் எல்லாரும் நெஞ்சில் ஒரு துணி தைக்கவேண்டும்: நீலத்தில் வெள்ளை எழுத்து, 'ஓஸ்ட்', கிழக்கு. ஊர்ப்பெயர் கிடையாது, திசை மட்டும். அதற்கும் முன்னால், 1940இலேயே, போலந்துத் தொழிலாளர்களுக்கு மஞ்சளில் ஊதா எழுத்தோடு ஒரு துணி இருந்தது.

ஓஸ்ட் துணி ஒன்றை நான் பேர்லின் ஷோனவைட பகுதியில், பழைய கட்டாயத் தொழிலாளர் முகாமிலேயே அமைந்திருக்கிற ஆவண மையத்தில் கண்ணாடிக்குள் பார்த்தேன். கிட்டத்தட்ட ஓமாவின் கீவின் அளவு. வெட்டிய ஓரத்தில் நூல். வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். ஒரே பாதையில் ஒரே ரயிலில் வந்த இரண்டு துணிகள். எஞ்சின் பக்கம் வந்தவரின் துணி நான்காக மடித்த செய்தித்தாளுக்குள் பத்திரமாக இருந்தது. பெட்டிக்குள் வந்தவர்கள் தங்கள் துணியை எப்போது பிய்த்து எறியலாம் என்றுதான் காத்திருந்திருப்பார்கள். அவர்களில் திரும்பிப் போனவர்களுக்குச் சொந்த நாட்டிலும் 'எதிரிக்கு வேலை செய்தவர்' என்ற பழி காத்திருந்தது, வைத்திருந்தால் ஆபத்து. இலட்சக்கணக்கில் தைத்த துணி அது. ஒன்றைக்கூட வீட்டில் வைத்திருக்க ஆசைப்பட்டவர் எத்தனை பேர் இருப்பார்?

அன்றிலிருந்து நான் கைச்சின்னம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அட்டை, கடிதம், அட்டவணை, புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு, இவற்றோடு சேர்ந்து வந்தால் மட்டும் பார்ப்பேன். தனித் துணியை யாராவது கொண்டு வந்து காட்டினால் அசலா போலியா என்று சொல்லிக் கொடுப்பேன், கூடவே இது யாருடையது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை.

ஓமா 2016இல் காலமானார். மகன் ஊரிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்தபோது பேணியைப் பற்றி அவரிடம் மறுபடி கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார். அடுத்த மாதமே ஒரு சேகரிப்பாளர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அழைத்தார். கீவ் மட்டும் போதும், மற்றதெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தொகை சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. மனைவியிடம் சொன்னேன். "அந்த மனுசி பேணியோட தந்தவ. பேணியோட குடுங்கோ" என்றார்.

பேணியோடே கொடுத்தோம், இந்தப் பிரதேசத்து அருங்காட்சியகம் ஒன்றுக்கு. ஓமா சொன்னதை எல்லாம், யன்னலடி, கோட், அடுப்பு, அப்பா நீட்டிய கை, இரண்டு பக்கத்தில் ஜேர்மனில் எழுதி உள்ளே வைத்தேன். பெயர்களைக் குடும்பத்திடம் கேட்டுத்தான் எழுதினேன். பொருட்களைப் பதிகிற பெண் பொத்தானுக்கு ஒன்று, விசிலுக்கு ஒன்று என்று தனித்தனி எண் போடுவார் என்று நினைத்தேன். அவர் முழுப் பேணிக்கும் ஒரே எண்ணை எழுதி, அதன் கீழே ஒவ்வொன்றையும் வரிசையாகப் பதிந்தார். கடைசியில் கீவை வெள்ளைக் கையுறையோடு எடுத்து, ஓரத்தில் தொங்குகிற நூலைக் காட்டி, இதைச் சுத்தம் செய்துவிடவா என்று கேட்டார்.

வேண்டாம், அது ஓமாவின் அம்மா வெட்டிய இடம் என்றேன். அவர் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார்.